ஒன்பது நிறம், ஒரே வாசல்

செப்டம்பர் 21, ஞாயிறு

அலமாரியில் இருந்த துணி மொத்தத்தையும் கட்டிலில் கொட்டி நிறம் நிறமாகப் பிரித்தேன். ஆதிரை அந்தக் குவியல்களின் மேல் தவழ்ந்து எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாக்கினாள். மூன்று முறை பிரித்தேன், மூன்று முறையும் கலைத்தாள். பதினான்கு மாதம் ஆகிறது, இன்னும் நடக்கவில்லை. பதினெட்டு மாதம் வரை பொறுக்கலாம் என்று இணையத்தில் போட்டிருக்கிறது. அதைத் தினமும் ஒரு தடவை எடுத்துப் படிக்கிறேன்.

வெள்ளை இருக்கிறது. சிவப்பும் நீலமும் இருக்கின்றன. பச்சை ஒன்றே ஒன்று. மஞ்சளும் ஆரஞ்சும் கிடையாது. ரோஸ் ஆதிரையிடம் நிறைய, என்னிடம் ஒன்றும் இல்லை.

அபார்ட்மென்ட் பெண்கள் குழுவில் போன வாரம் வந்த செய்தி இது: ‘நவராத்திரி ஸ்பெஷல்! தினம் ஒரு கலர்! 7சி வத்சலா வீட்டுக் கொலுவுக்கு மாலை 6 மணிக்கு எல்லாரும் அந்தந்தக் கலரில் வாங்க!’ கீழே நிறங்களின் பட்டியல். அதைப் படித்ததும் எனக்கு ஒரு பிடி கிடைத்த மாதிரி இருந்தது. காரணம், என் கணவன் மணி மஸ்கட்டிலிருந்து சொன்னது. வார்த்தை மாறாமல் எழுதி வைக்கிறேன்.

“கோமதி, அம்மாட்ட பேசிட்டேன். நவராத்திரி முடிஞ்ச மறுநாள் வாராங்க. நீ நல்லா இருக்கன்னு அவங்களுக்குத் தோணுச்சுன்னா ஆதிரை உன்கிட்டயே இருக்கட்டும். இல்லன்னா ஆறு மாசம் தூத்துக்குடில வளரட்டும். தண்டனைன்னு நெனச்சுக்காத.”

“நல்லா இருக்கேன்னு எப்படிக் காட்டுறது?”

“தினம் வெளிய போ. நாலு பேர்கிட்ட பேசு. நல்லா டிரெஸ் பண்ணி ஒரு போட்டோ அனுப்பு. அம்மாவுக்கும் அக்காவுக்கும் நான் அனுப்பி வைக்கேன். புதுசா ஏதாச்சும் ஆர்டர் போடட்டா? சைஸ் மட்டும் சொல்லு.”

பிரசவத்துக்கு முன்பு மீடியம். இப்போது என்னவென்று அளக்கவில்லை. அளக்கவும் விருப்பமில்லை.

“இருக்கறதே போதும்” என்றேன்.

அத்தை அக்டோபர் மூன்றாம் தேதி காலை ரயிலில் வருகிறார்.

செப்டம்பர் 22, திங்கள்

வெள்ளை.

கல்லூரியில் ஓணம் கொண்டாடியபோது எடுத்த கசவுச் சேலை இருக்கிறது. அதற்கான ரவிக்கையில் ஒரு கை நுழைந்தால் மறு கை நுழையவில்லை. மணியின் வெள்ளைச் சட்டையை எடுத்தேன். கையை முழங்கைவரை மடித்து, காலரை நிமிர்த்திவிட்டு, அதையே ரவிக்கையாக வைத்துச் சேலையைக் கட்டினேன். முன்பக்கம் பட்டன் இருப்பதால் பால் கொடுப்பதற்கும் வசதி. கண்ணாடியில் பார்த்தபோது பத்திரிகையில் வரும் பெண் மாதிரி இருந்தது. முகத்தைத் தவிர.

போய்விட்டு வந்தேன். வாசலில் பெரிய படிக்கோலம், செம்மண் பட்டை, நிலையில் மாவிலை. இருபத்து மூன்று ஜோடிச் செருப்பு. யாரோ ஒரு பெண் நல்ல குரலில் பாடினார். கோலத்தின் பக்கத்தில் நின்று ஆதிரையோடு ஒரு போட்டோ.

மணி உடனே பதில் போட்டான். ‘என் சட்டையா அது?’ ‘ஆமா.’ ‘என்னைவிட உனக்குத்தான் நல்லாருக்கு. அம்மா பாத்துட்டாங்க.’

சற்று நேரத்தில் அத்தையே கூப்பிட்டார்.

“ஏம்மா, சுண்டல் என்ன குடுத்தாவ?”

“கொண்டக்கடலை அத்தை.”

“தேங்காப்பூ போட்டிருந்தாவளா?”

“நிறைய போட்டிருந்தாங்க.”

கொண்டைக்கடலையாகத்தான் இருக்க வேண்டும். லிஃப்ட் வரைக்கும் வாசனை வந்தது.

செப்டம்பர் 23, செவ்வாய்

சிவப்பு.

என் கல்யாண ரவிக்கைகளைத் தைத்த சங்கரன்கோவில் டெய்லர், எல்லாவற்றிலும் உள்ளே துணி விட்டு, பக்கவாட்டுத் தையலுக்கு உள்ளே மூன்று வரித் தையல் போட்டுக் கொடுத்திருந்தார். “இப்ப உள்வரி. கல்யாணமானப்புறம் ஒண்ணப் பிரிச்சுக்கிடுங்க. பிள்ள பொறந்தா இன்னொண்ணு” என்றார். அப்போது அதைக் கேட்டு நானும் சித்தி பெண்ணும் சிரித்தோம்.

முதல் வரியைப் போன வருஷமே பிரித்தாயிற்று. இன்று ஆதிரை தூங்கிய நேரத்தில் இரண்டாம் வரியையும் பிரித்தேன். பிளேடால் ஒவ்வொரு தையலாக. பிரித்த இடத்தில் பட்டு வேறு நிறமாக இருக்கிறது. வெளிச்சம் படாத சிவப்பு. கையை இறக்கி வைத்தால் யாருக்கும் தெரியாது.

ரவிக்கை பூட்டியது. அதற்கு மேல் பிரிக்க ஒரு வரிதான் மிச்சம். கூறைப்பட்டை எடுக்கவில்லை, குழந்தை வாந்தி எடுத்தால் வீணாகிவிடும். கறுப்பில் சிவப்புக் கரை போட்ட நூல் சேலை ஒன்று இருந்தது. கரையை அகலமாகக் காட்டும்படி முந்தானையை மடித்துக் குத்தினேன்.

போனேன். இன்று முப்பத்தொரு ஜோடி.

“இன்னிக்கு என்னம்மா சுண்டல்?”

“பச்சப்பயறு அத்தை.”

பிறகு எனக்கே பச்சைப்பயறு சுண்டல் சாப்பிட வேண்டும் போல இருந்தது. செய்தேன். எனக்கு ஒரு கிண்ணம், ஆதிரைக்கு நசுக்கி இரண்டு ஸ்பூன்.

செப்டம்பர் 24, புதன்

நீலம். கல்லூரி ஃபேர்வெல் சேலை, மேலே ஜீன்ஸ் துணி ஓவர்கோட்டு. ஆதிரைக்கு மூக்கொழுகுகிறது. போனேன், அனுப்பினேன்.

செப்டம்பர் 25, வியாழன்

மஞ்சள் கிடையாது என்பதால் மஞ்சளை உண்டாக்க வேண்டியதாயிற்று.

மணியின் பழைய நான்கு முழ வேட்டி. பெரிய பாத்திரத்தில் தண்ணீரும் மஞ்சள்தூளும் கொஞ்சம் படிகாரமும் போட்டுக் கொதிக்க வைத்து, வேட்டியை அமுக்கி அரைமணி நேரம் கிளறினேன். வேதியியலில் முதுகலை படித்து, கரண்டியால் வேட்டி கிளறுகிறேன். ஆதிரை தன்னுடைய நாற்காலியில் கட்டுண்டு உட்கார்ந்து கைதட்டினாள். குளியலறைக் கொடியில், வெயில் படாமல் காயப்போட்டேன். வெயில் பட்டால் மஞ்சள் வெளுக்கும்.

சாயங்காலம் காய்ந்தபோது நிஜமாகவே அழகாக இருந்தது. சாமந்தி நிறம். வெள்ளைக் குர்தாவுக்கு மேல் அகலத் துப்பட்டாவாகப் போட்டுக்கொண்டேன். நாள் முழுக்கச் செய்த வேலை என்பதால் யாராவது பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

மணி: ‘சூப்பர். எங்க வாங்குன?’

‘உங்க வேட்டி.’

ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பினான். அவனுக்கு அங்கே ஷிஃப்ட் ஆரம்பித்துவிட்டது.

உள்ளே இன்று குழந்தைகள் பாடினார்கள். ஆதிரை வாசல் பக்கம் கையைக் காட்டி “ஆ, ஆ” என்றாள். படிக்கட்டு ரொம்பக் குளிர்ந்திருந்தது. அவளுக்கு மூக்கொழுகல் கூடுமோ என்று பயம்.

செப்டம்பர் 26, வெள்ளி

பச்சை என்றால் என்னிடம் இருப்பது வளைகாப்புச் சேலைதான். ஒன்றரை வருஷமாக அதை மடிப்புக்கூடக் கலைக்கவில்லை. விரித்தபோது உள்ளேயிருந்து காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்தது. அன்றைக்கு என் கன்னத்தில் சந்தனம் பூசக் கூட்டமாக நின்றார்கள். நாற்பது பேராவது இருக்கும். அம்மா போன பிறகு என் வீட்டு விசேஷம் எதற்கும் அத்தனை பேர் வந்ததில்லை. மணி போன இந்தப் பதினோரு மாதத்தில் இந்தக் கதவைத் தட்டியவர்கள் பார்சல் கொண்டுவரும் ஆட்களும் தண்ணீர்கேன் போடுகிறவரும். ஆகஸ்டில் ஒரு நாள் வந்த கூட்டத்தைத் தவிர.

அதை எழுதிவிடுகிறேன். எழுதாமல் எழுதாமல் அது பெரிதாகிக்கொண்டே போகிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை. ஆதிரை மூன்று இரவாகத் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. காலை பத்து மணிக்கு ஒருவழியாகக் கண் மூடினாள். குப்பை போடக் கீழே போனேன். போட்டுவிட்டு வரும் வழியில் எங்கள் கார் நின்றது. மணி போனதிலிருந்து உறை போட்டே நிற்கிறது. சாவிக்கொத்தில் கார் சாவியும் இருந்தது. ஐந்து நிமிடம் என்று உள்ளே உட்கார்ந்தேன். கதவைச் சாத்தியதும் ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவுதான் நினைவிருக்கிறது. தூங்கவில்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தேன்.

ஐம்பது நிமிடம் ஆகியிருக்கிறது. மேலே வந்தபோது வீடு திறந்து கிடந்தது, செக்யூரிட்டி மாற்றுச் சாவி கொண்டு வந்திருந்தார். காரிடார் முழுக்க ஆட்கள். யாரோ ஒரு அம்மா ஆதிரையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். அழுது அழுது அவளுக்கு விக்கல் எடுத்திருந்தது. நான் கையில் காலிக் குப்பைக்கூடையோடு நின்றேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சாயங்காலத்துக்குள் மணிக்குத் தெரிந்துவிட்டது.

பச்சைச் சேலையைக் கட்டினேன். அதன் ரவிக்கையில் மூன்றாம் வரியையும் பிரிக்க வேண்டியிருந்தது. போட்டோவில் நன்றாக வந்திருக்கிறது. அத்தை, “மகாலட்சுமி கணக்கா இருக்க” என்றார்.

இன்னொன்று. மஞ்சள் வேட்டியை வாளியில் போட்டிருந்தேன், ஆதிரை சோப்புக் கட்டியை அதற்குள் தள்ளிவிட்டாள். பட்ட இடமெல்லாம் ரத்தக்கறை மாதிரி சிவப்பு. பார்த்ததும் குழந்தையின் கை காலையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மஞ்சள் காரத்தில் சிவக்கும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கு நினைவு வர ஐந்து நிமிடம் ஆனது.

செப்டம்பர் 27, சனி

சாம்பல். தேட வேண்டியதே இல்லை. வெள்ளையாக வாங்கியதில் பாதி இப்போது இந்த நிறம்தான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

சோப்பு செய்த காரியத்தை நானே அளவாகச் செய்தேன். ஒரு வாளித் தண்ணீரில் அரை ஸ்பூன் சலவைச் சோடா. வேட்டியை முக்கி எடுக்க எடுக்கக் கண்ணெதிரே நிறம் மாறியது. ஒரு முக்கில் இளம் ஆரஞ்சு, இரண்டாவதில் காவி, மூன்றாவதற்கு முன் நிறுத்திக்கொண்டேன். எலுமிச்சைச்சாறு விட்டால் திரும்பவும் மஞ்சளாகிவிடும். ஆதிரையிடம் ஒரு மூலையில் சொட்டு விட்டுக் காட்டினேன். “பாத்தியா? திரும்பிப் போச்சு” என்றேன். கெக்கெக்கென்று சிரித்தாள். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் குளியலறைத் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம். நல்ல மத்தியானம்.

வேட்டியைப் பாதியாக மடித்து, இடுப்பில் பெல்ட் வைத்து, கறுப்புக் குர்தாவுக்கு மேல் அரைச்சேலை மாதிரி சுற்றினேன். போட்டோ அனுப்பினேன்.

அரைமணி நேரத்தில் மதினியிடமிருந்து குரல் செய்தி. மணியின் அக்கா பொன்ரதி பேசினால் பக்கத்து அறைக்குக் கேட்கும். வாட்ஸ்அப்பிலும் அப்படித்தான்.

“ஏ கோமதி, நல்லாத்தான் உடுத்துத. உனக்கு அந்தக் கை வேல உண்டு, நான் இல்லங்கல. ஆனா ஏழு நாளா ஒரே வாசல், ஒரே கோலம், ஒரே மாவிலயா இருக்கே. உள்ள ஒரு பொம்மகூடக் காணும். நாளைக்கு உள்ள, கொலுப் படிக்கு முன்ன உக்காந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பக்கத்துல நாலு பொம்பளையும் இருக்கட்டும். அம்மா பாவம், நீ சொல்லுத சுண்டலயெல்லாம் நம்பிக்கிட்டிருக்கா.”

திரும்பத் திரும்ப நான்கு முறை கேட்டேன். கடைசி வரியை மட்டும் அதற்கு மேலும்.

எங்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் கிடையாது. உள்ளே போனால் பாடச் சொல்வார்கள். குழந்தை பொம்மையை இழுத்துவிடும். என்ன கொண்டுபோக வேண்டும், எங்கே உட்கார வேண்டும் எதுவும் தெரியாது. இதெல்லாம்தான் காரணம்.

செப்டம்பர் 29, திங்கள்

மயில் பச்சை. நாளை மறுநாள் சரஸ்வதி பூஜை, அப்புறம் விஜயதசமி, அப்புறம் அத்தை.

இன்று உள்ளே போய்விடுவது என்று காலையிலேயே முடிவு செய்தேன். தாம்பாளத்தில் பழம், பூ, ஒரு ரவிக்கைத் துணி. கட்டுவதற்கு, கூறைக்கு அடுத்தபடி என்னிடம் உள்ள நல்ல பட்டுச் சேலை, மயில் கழுத்து நிறப் பச்சையும் நீலமுமாக. ரவிக்கை ஏறவில்லை, பிரிக்க வரியும் இல்லை. பக்கவாட்டுத் தையலை முழுக்கத் திறந்து, நடுவில் பழைய துப்பட்டாவின் நீலத்தை ஒரு பட்டையாக வைத்துக் கையாலேயே தைத்தேன். வேண்டுமென்றே வைத்த டிசைன் மாதிரி வந்தது.

லிஃப்டில் இரண்டு பெண்கள். இரண்டு பேரும் மயில் பச்சை. ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஐயோ, இந்த பிளவுஸ் எங்க தச்சீங்க? சைடுல பேனல் வச்சு! புதுசா வந்திருக்கா இப்படி?”

“வீட்லயே தச்சது.”

“நெஜமாவா? ஏய் நித்யா, பாருடி. நாமெல்லாம் தண்டமா பொட்டிக்ல குடுத்துட்டு வர்றோம். நீங்க இந்த ஃப்ளோர்தானா? பார்த்ததே இல்லையே?”

“ஆமா.”

“நாலுல எந்த...”

அவர் கண் ஆதிரையின் பக்கம் போனது. நித்யா என்கிறவர் லிஃப்டின் எண்களைப் பார்க்க ஆரம்பித்தார். ஐந்து, ஆறு, ஏழு. கதவு திறந்ததும், “வாங்க வாங்க” என்று சொல்லிக்கொண்டே இருவரும் முன்னால் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் வத்சலா வீட்டுக் கதவு திறந்தபடிதான் இருந்தது. யாரும் தடுக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும்.

ஷூ லேஸ் கட்டுகிறவள் மாதிரி குனிந்தேன். நான் ஷூ போடவில்லை.

கதவு சாத்தப்பட்டது. பெல்லில் விரல் வைத்தேன். ஆதிரை என் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தாள். விரலை எடுத்தேன்.

போட்டோ: வாசல், கோலம், மாவிலை. தாம்பாளத்தில் இருந்த வாழைப்பழத்தை நானும் அவளும் வீட்டில் சாப்பிட்டோம்.

அத்தையின் அழைப்பை எடுக்கவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

ரோஸ். ஆதிரைக்குச் சிறியதாகிவிட்ட இரண்டு கவுன்களை வெட்டி, வெள்ளை ரவிக்கைக்குக் கைகளாகத் தைத்தேன். இரண்டும் அவளுடைய ஆறாம் மாதத்துக் கவுன்கள். என் முழங்கைவரை வருகின்றன. வெட்டும்போது என்னவோ போல இருந்தது, ஆனால் அந்த ஆறாம் மாதத்தை எனக்குச் சரியாக நினைவில்லை. ஒன்றில் ஒரு கறை இருக்கிறது. என்ன ஊட்டியபோது பட்டது என்று தெரியவில்லை.

மணி கூப்பிட்டான். “அக்கா என்னமோ சொல்லுதா. நீ உள்ள போறதே இல்லையா?”

“போறேனே.”

“கோமதி.”

“போறேன்னு சொல்றேன்ல.”

பின்னால் ஏதோ மெஷின் ஓடும் சத்தம். “சரி, அம்மா டிக்கெட் எடுத்துட்டாங்க. திரும்பிப் போறதுக்கு ரெண்டு டிக்கெட்டா எடுத்திருக்காங்க” என்றான். பதினான்கு மாதக் குழந்தைக்கு ரயிலில் டிக்கெட் வேண்டாம். அத்தைக்கு அது தெரியாது. தெரிந்தும் பெர்த்துக்காக எடுத்திருப்பார். அவள் நன்றாகப் படுத்து வரட்டும் என்று.

குழந்தையின் மருந்து நேரங்களை ஒரு தாளில் எழுத ஆரம்பித்தேன். பாதியில் கிழித்தேன்.

அக்டோபர் 1, புதன்

இந்த வருஷம் ஒரு திதி இரண்டு நாள் வருகிறதாம். அதனால் நவராத்திரி பத்து நாள். பட்டியலில் நிறம் ஒன்பதுதான். காலையிலிருந்து குழுவில் இதே பேச்சு. கத்தரிப்பூ கலர் என்றார் ஒருவர். நேற்றைய ரோஸையே இன்றும் போடலாம் என்றார் இன்னொருவர். கடைசியில் வத்சலா, ‘இன்னைக்குக் கலர் கிடையாது. அவங்கவங்க இஷ்டம்’ என்று போட்டுவிட்டார்.

இஷ்டம்.

அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். மஞ்சள் என்று யாராவது சொன்னால் எதிலிருந்தாவது மஞ்சளை எடுத்துவிடுவேன். எனக்கு எது இஷ்டம் என்று கேட்டால் கை எதன் மேலும் போகவில்லை. அலமாரியை மூடினேன். ஆறு மணி ஆயிற்று, ஏழு ஆயிற்று. போகவில்லை. போட்டோவும் இல்லை. நைட்டியோடு தரையில் உட்கார்ந்து வெட்டுத்துணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

எட்டரைக்குக் காலிங் பெல். துப்பட்டாவை மேலே போட்டுக்கொண்டு திறந்தேன். ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் பெரிய குங்குமம், கையில் எவர்சில்வர் டப்பா.

“உன் பேர் கோமதிதானே? நான் வத்சலா, ஏழாவது மாடி. இன்னிக்கு ஏன் வரல?”

எனக்குப் புரியவில்லை. “நான்... வரணுமா?”

“ஒன்பது நாள் வந்தியே.” டப்பாவை ஆதிரைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு போனை எடுத்தார். “என் பையன் பெங்களூர்லேர்ந்து வந்தப்ப பெல்லுல கேமரா மாட்டிட்டுப் போனான். வாசல்ல யார் நின்னாலும் எடுத்து வச்சுக்கும். கொலுக் கூட்டத்துல நான் பாக்கவேயில்ல. சனிக்கெழம ராத்திரி ஒக்காந்து பாத்தா நீ! மொதல்ல செருப்பு திருட வந்தவன்னு நெனச்சேன். தெனம் ஒரு டிரெஸ் போட்டுக்கிட்டு, கைக்கொழந்தையோட வர்ற திருடியப் பாத்ததில்லையேன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். போனை என் கையில் கொடுத்தார்.

நான் பார்த்தேன். வெள்ளைச் சேலைக்காரி வருகிறாள். கோலத்தின் பக்கத்தில் நிற்கிறாள், போனை நீட்டிச் சிரிக்கிறாள். போட்டோ எடுத்ததும் சிரிப்பு போய்விடுகிறது. பிறகு போகவில்லை. இதை நான் இங்கே எழுதவேயில்லை. மாடிப்படியின் முதல் படியில், செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். குழந்தையை மடியில் வைத்து, உள்ளே பாடும் பாட்டுக்கு அதன் கையைப் பிடித்துத் தாளம் போடுகிறாள். இருபது நிமிடம். பாட்டு முடிந்து உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டதும் எழுந்து லிஃப்டுக்கு ஓடுகிறாள். சிவப்பிலும் அதுவே. நீலத்தில், ஆரஞ்சில். ஒன்பது நாளும். ஒன்பது பெண்கள் மாதிரி இருக்கிறது. உட்காருவது மட்டும் ஒருத்திதான்.

“மூணு நாளா கதவைத் தொறக்கலாமான்னு பாத்தேன். தொறந்தா ஓடிருவன்னு தோணிச்சு” என்றார் வத்சலா அக்கா. அப்புறம் குரலைத் தாழ்த்தி, “அன்னிக்கு உங்க வாசல்ல கொழந்தையத் தோள்ல போட்டுத் தட்டினது நான்தான். உன்கிட்ட குடுத்துட்டு, ஒரு வார்த்த கேக்காம மேல போயிட்டேன். என்ன கேக்குறதுன்னு தெரியல. தப்புதான்.”

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. “செருப்பு எல்லாம் நல்லா இருந்துச்சு” என்று ஏதோ உளறினேன். அவர் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார்.

“எல்லாரும் போயாச்சு. வா, பொம்மையப் பாத்துட்டு வருவோம்.”

“நைட்டியா இருக்கே.”

“இன்னிக்குக் கலர் கெடையாதுன்னு நானே போட்டேனே. நைட்டிக்கு மட்டும் என்ன கொறச்சல்? நான் வீட்டுக்குள்ள போனதும் மொத வேலை அதுதான்.”

போனேன். ஏழு படி. தசாவதாரம், மரப்பாச்சி, கிரிக்கெட் டீம், ஒரு பெட்டிக்கடை. ஆதிரை மூன்றாம் படியிலிருந்த செட்டியாரின் தலையைப் பிடித்தாள். உயிரே போனது எனக்கு. “விடு, அந்தச் செட்டியார் தலைய வருஷா வருஷம் யாராவது ஒடைப்பாங்க, பெவிக்கால் இருக்கு” என்றார்.

கிளம்பும்போது, “படி முன்னாடி ஒரு போட்டோ எடுத்துத் தரட்டா? தெனம் யாருக்கோ அனுப்பறியே” என்று கேட்டார்.

மதினி கேட்டது அதைத்தான். ஒரு நிமிடம் ஆகாது.

“வேண்டாம்க்கா” என்றேன். ஏன் சொன்னேன் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசிக்கிறேன். அந்தப் போட்டோவைக் காட்டி ஆதிரையை வைத்துக்கொண்டால், அடுத்த மாதம் இன்னொன்று காட்ட வேண்டும்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. எந்த நிறமும் அனுப்பவில்லை. மணி இரண்டு முறை கூப்பிட்டான். ‘அத்தை வந்ததும் பேசுறேன்’ என்று செய்தி போட்டேன். பயமாக இருக்கிறது.

அக்டோபர் 3, வெள்ளி

அத்தை ஏழரைக்கு வந்தார். கையில் கிடைத்த சுடிதாரைப் போட்டிருந்தேன். மேலே ஒன்று, கீழே ஒன்று. தலை வாரவில்லை. ஆதிரை இரண்டு முறை எழுந்த ராத்திரி.

ஒரு தோளில் தன் பை. மறு தோளில் மடித்த வெறும் பை, குழந்தையின் துணிக்காக. வாசலிலேயே நின்று என்னைப் பார்த்தார்.

“போட்டோவுல பாத்த பிள்ள இது இல்லியே.”

“இல்ல அத்தை.”

காபி போட்டுக் கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை பொறுக்க முடியவில்லை, ஆரம்பித்துவிட்டேன். உள்ளே போகாதது. சுண்டல். படிக்கட்டு. பிறகு கார். ஐம்பது நிமிடம் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, மணியிடம்கூடப் பத்து நிமிடம் என்றுதான் சொல்லியிருந்தேன். அதையும் சொன்னேன். ஆதிரை அவர் மடியில் ஏறி, தாலிக்கொடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

“நான் நல்லா இல்ல அத்தை. ஆனா இவளக் கூட்டிட்டுப் போனா நான் இன்னும் நல்லா இருக்க மாட்டேன். கூட்டிட்டுப் போகாதீங்க. நீங்க இங்க இருங்க. எனக்கு ஆள் வேணும்.”

இந்த நான்கு வருஷத்தில் அத்தையிடம் நான் எதுவும் கேட்டதில்லை. அவர் டம்ளரைக் கொண்டுபோய்க் கழுவி வைத்தார். போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். அவர்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது.

“ஏல, வேலைக்கு அப்புறம் போவலாம், கேளு. பச்சப்பிள்ளையத் தனியா விட்டுட்டான்னு ஊரெல்லாம் சொன்னியே. அது ஒரு மணி நேரம். இவளப் பதினோரு மாசமாத் தனியா விட்டது ஆருல?... அதெல்லாம் எனக்குத் தெரியும், நீ எங்களுக்காகத்தான் போயிருக்க... இல்ல, பிள்ளையக் கொண்டாரல. நானும் வரல... ஆங், கார்த்திக வர இங்கன இருக்கேன். பொறவு என்னன்னு நீ வந்து சொல்லு. நேர்ல வந்து சொல்லு.”

மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. உள்ளே வந்ததும் நேராகத் தன் பையைப் பிரித்துத் துணிகளைத் தரையில் எடுத்து வைத்தார். ஆதிரை உடனே தவழ்ந்து போய் அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

“ரெண்டு நாளுக்குன்னு வந்தேன். மூணே சேலதான் இருக்கு. கார்த்திக வர இத வச்சு எப்படிம்மா ஓட்ட?”

“ஓட்டலாம் அத்தை” என்றேன்.